ஆவியில் போவதும் சட்டியில் நிற்பதும்

ப்ரஸ்ஸல்ஸ் நகரத்து உணவகங்களில் சிப்பி கேட்டால் ஆளுக்கொரு கரிய எனாமல் சட்டி மூடியோடு வரும். திறந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கருநீலச் சிப்பிகள் வாய் பிளந்து கிடக்கும். அடியில் செலரித் தண்டும் வெங்காயமும் மிதக்கிற, கலங்கிய சாம்பல் நிறச் சாறு. முதல் சிப்பியின் சதையைத் தின்றுவிட்டு, காலியான அந்தச் சிப்பியையே இடுக்கிபோலப் பிடித்து அடுத்ததன் சதையைக் கவ்வி எடுப்பது அங்கே வழக்கம். கவிழ்த்த மூடியில் வெற்று ஓடுகள் குவியும். பக்கத்தில் ஒரு தட்டு உருளைக்கிழங்கு வறுவல். சாறு தண்ணீரில் கூட்டியதாக இருக்கலாம், வெள்ளை ஒயினில் கூட்டியதாக இருக்கலாம், பீரில் கூட்டியதாகவும் இருக்கலாம். இந்த மூன்றாவது வகைதான் பெல்ஜியத்தைத் தாண்டி உலகமெங்கும் வீட்டுச் சமையல் குறிப்புகளில் புகுந்து, இறாலுக்கும் நண்டுக்கும் மட்டிக்கும் பரவியிருக்கிறது. அந்தக் குறிப்புகள் பீருக்கு ஐந்து வேலைகள் சொல்கின்றன: சதையை மிருதுவாக்கும், கவிச்சியை எடுக்கும், கிருமியைக் கொல்லும், மணம் ஏற்றும், போதை தரும் எத்தனால் முழுக்க ஆவியாகிவிடுவதால் யாருக்கும் பரிமாறலாம். இவற்றில் மணம் பற்றியது பாதி சரி. மற்ற நான்கும் சோதித்துப் பார்த்தால் நிற்பதில்லை. அப்படியானால் பீர் வீணா என்றால், அதுவும் இல்லை. ஓடுள்ள கடலுணவோடு பீர் உண்மையாகச் சேருவது, அது உண்பவரின் நாக்குக்குப் போய்ச் சேரும்போதுதான். சாறாகப் போய்ச் சேரலாம், தம்ளரிலிருந்தும் போய்ச் சேரலாம். ஆவியாக மேலே போன பீரும் வடித்துக் கொட்டிய பீரும் செலவுக் கணக்கில் வரும், ருசிக் கணக்கில் வராது.

இதைப் புரிந்துகொள்ள, பீரைக் கொதிக்கவைத்தால் எது போகிறது எது நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சாதாரண லாகர் பீரில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர். 5 விழுக்காடு அளவுக்கு எத்தனால். மீதி, மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியிலிருந்து வந்த புளிக்காத சர்க்கரைகள், கொஞ்சம் புரதம், நிறம், ஹாப்ஸ் பூவின் கசப்பு, அதே பூவின் எண்ணெய் மணம், கரைந்த கரியமில வாயு. அடுப்பில் வைத்த சில நொடிகளிலேயே வாயு நுரைத்துக்கொண்டு ஓடிவிடும். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும் பொருள் என்பதால் முதலில் எழும் ஆவியில் அதன் பங்கு அதிகம். ஹாப்ஸின் மண எண்ணெய்களும் நீராவியோடு சேர்ந்து கிளம்பிவிடும். ஆனால் சர்க்கரையும் நிறமும் கசப்பும் ஓரடி நகராது. விஸ்கி வடிப்பவர்களுக்கு இது பழைய பாடம். அவர்கள் வாலையில் ஊற்றும் புளித்த கஷாயம், ஹாப்ஸ் சேராத பீர் என்று சொல்லத்தக்கதுதான். அதிலிருந்து வடிந்து வருவது நிறமில்லாத தெளிந்த நீர். மால்ட்டின் உடலெல்லாம் வாலையின் அடியிலேயே தங்கிவிடுகிறது. விஸ்கியின் பொன்னிறம்கூடப் பின்னால் மரப்பீப்பாய் கொடுப்பது. பீர் ஆலைக்காரர்களுக்கும் இதே பாடம் வேறு வடிவில் தெரியும். கசப்புக்கான ஹாப்ஸை அவர்கள் ஆரம்பத்திலேயே போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிடுவார்கள், ஏனென்றால் அந்தக் கசப்பு கொதிப்பில்தான் பிறக்கிறது. மணத்துக்கான ஹாப்ஸைக் கடைசியில், அடுப்பணைக்கும் நேரத்தில் போடுவார்கள், ஏனென்றால் அந்த மணம் கொதிப்பில் இறந்துபோகிறது. ஆலையில் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய மணத்தை வீட்டில் மறுபடி கொதிக்கவைத்து ஜன்னல் வழியே அனுப்புவதுதான், விலையுயர்ந்த மணப்பீரைச் சட்டியில் கவிழ்ப்பதன் பொருள்.

இந்தக் கணக்கோடு அமெரிக்காவின் மேரிலாந்துக்குப் போனால் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. செசபீக் விரிகுடாவின் நீல நண்டை அவிப்பது அங்கே ஒரு சடங்கு. உயரமான பாத்திரத்தின் அடியில் பீரும் வினிகரும் ஊற்றி, மேலே தட்டு வைத்து, நண்டுகளை அடுக்கி, ஒவ்வொரு அடுக்கின் மீதும் சிவந்த மசாலாப் பொடியை அள்ளிக் கொட்டி மூடுவார்கள். அந்தப் பொடியில் பெயர்பெற்றது ஓல்ட் பே. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி பால்டிமோருக்கு வந்த குஸ்தாவ் ப்ருன் என்ற யூத மசாலா வியாபாரி 1939 இல் கூட்டிய கலவை அது. வெந்த நண்டைக் காகிதம் விரித்த மேசையில் கொட்டி, மரச்சுத்தியலால் உடைத்துத் தின்பார்கள். அடியில் கிடந்த பீரை யாரும் தொடுவதில்லை, அது கொட்டப்படும். நம் கணக்குப்படி இங்கே பீருக்கு வேலையே இல்லை. நண்டின் சதை, மூடிய பெட்டிபோன்ற ஓட்டுக்குள் வேகிறது. கசப்பும் மால்ட்டும் அடியில் நிற்கின்றன. மேலே வருவது நீராவி, கொஞ்சம் எத்தனால், வினிகரின் காரநெடி. ஆனால் தலைமுறை தலைமுறையாக அவித்தவர்கள் பீர் இல்லாவிட்டால் ருசி வேறு என்று சாதிப்பார்கள். அனுபவத்தின் பேச்சை அறிவியலைக் காட்டி ஒரேயடியாகத் தள்ளுவது மரியாதையல்ல, சரியும் அல்ல. அவர்கள் உணரும் வேறுபாட்டுக்கு இடம் உண்டு, அது சதைக்கு வெளியே இருக்கிறது. ஆவி பட்டு நனைந்த மசாலா ஓட்டின் மீது பசையாக ஒட்டுகிறது. உடைக்கும் விரலில் அந்தப் பசை ஏறுகிறது, விரலிலிருந்து நாக்குக்கு வருகிறது. சமைக்கும் இடமெங்கும் பரவிய வாசனை, சாப்பிட உட்காரும் முன்பே பசியைக் கிளறியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேசையில் ஆளுக்கொரு குளிர்ந்த பீர் இருக்கிறது. நண்டும் பீரும் வாயில்தான் சந்திக்கின்றன, அடிப்பாத்திரத்தில் அல்ல. ஓடு நனைய வேண்டும் என்றால் தண்ணீரும் வினிகரும் போதும். திறந்து வைத்து வாயு போன பழைய பீரைத் தீர்க்க வேண்டுமானால், அதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பதும் உண்மைதான்.

பெல்ஜியச் சட்டியில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே ஊற்றிய திரவம் கொட்டப்படுவதில்லை. சிப்பி வாய் திறந்ததும் உள்ளே அடைத்து வைத்திருந்த கடல்நீரையும் தன் உடல்நீரையும் சேர்த்துச் சட்டியில் விடுகிறது, அது பீரோடு கலக்கிறது. ஒவ்வொரு சிப்பியின் குழிவிலும் அந்தச் சாறு தேங்கி நிற்கும். வறுவல் அதில் தோயும். கடைசியில் ரொட்டி அதைத் துடைக்கும். எனவே சட்டியில் நின்ற கசப்பு, மால்ட், இனிப்பு எல்லாமே நாக்குக்கு வருகின்றன. அந்த நாடு பீரைத் தேர்ந்ததற்குக் காரணம் சமையல் நுட்பம் என்று நினைக்க வேண்டியதில்லை. திராட்சை நன்றாக விளையாத, பார்லி விளைகிற குளிர் மண், அவ்வளவுதான். 1919 இல் வந்த வாண்டர்வெல்டே சட்டம் மதுக்கடைகளில் வடித்த சாராயம் பரிமாறுவதைத் தடுத்தபோது, பீருக்கு இன்னும் பெரிய இடம் கிடைத்தது. பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை 2016 இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. சிப்பியோ பெரும்பாலும் எல்லை தாண்டி வருகிறது, நெதர்லாந்தின் ஜீலாந்து மாகாணத்தில் சிப்பிக்கென்றே ஏலக்கூடம் வைத்திருக்கும் யெர்செக்கே என்ற ஊரிலிருந்து. கையில் கிடைத்த இரண்டும் ஒரே சட்டியில் விழுந்தன. விழுந்தவை ஏன் ஒத்துப்போயின என்பதுதான் கேள்வி.

ஒத்துப்போவதற்கு முதல் காரணம் சிப்பியின் உடலிலேயே இருக்கிறது. கடலில் வாழும் முதுகெலும்பற்ற உயிர்கள், சுற்றியுள்ள உப்பின் அழுத்தத்தை ஈடுகட்டத் தம் திசுக்களில் அமினோ அமிலங்களை நிறைத்து வைத்துக்கொள்கின்றன. கிளைசின் அவற்றில் முக்கியமானது, அது இனிக்கும். நண்டு, இறால், சிப்பி எல்லாவற்றிலும் நாம் உணரும் இனிப்புக்கு இதில் பெரிய பங்கு. மால்ட்டின் மெல்லிய இனிப்பு அதோடு மோதாமல் சேர்கிறது. ஆனால் பீரில் கசப்பும் உண்டே, அது என்ன ஆகிறது? இங்கேதான் சமைப்பவர்கள் சறுக்குகிறார்கள். கசப்பை அளக்க ஒரு அலகு உண்டு, ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் ஹாப்ஸ் கசப்பு என்பதை ஏறத்தாழக் காட்டும் எண். மெல்லிய லாகரில் 10, 15 இருக்கும். செக் நாட்டுப் பில்ஸ்னரில் 35, 40. இந்தியா பேல் ஏல் வகையில் 60 சாதாரணம். அந்தக் கசப்பு ஆவியாகாது என்று பார்த்தோம். ஆகவே 330 மில்லி பீரைச் சுண்டவைத்து 110 ஆக்கினால், 60 என்பது 180 ஐ எட்டப் பார்க்கும். அப்படிச் சுண்டிய சாற்றில் விழும் இறால், வேப்பங்கொழுந்தோடு வெந்ததுபோல ஆகிவிடும். பீரில் வேகும் பெல்ஜிய மாட்டுக்கறி மணிக்கணக்கில் வேகிறதே, அங்கே எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கலாம். பழுப்புச் சர்க்கரையும் கடுகு தடவிய ரொட்டியும் வெங்காயத்தின் இனிப்பும் போட்டுத்தான் சமாளிக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும் சிப்பிக்கு அந்த அவகாசம் இல்லை, அதற்கு மேல் வைத்தால் சதை ரப்பராகிவிடும். வெறும் சதையாக விழும் இறாலின் நிலை இதைவிட மோசம், அதனிடம் சிப்பியைப்போல விட்டுக்கொடுக்கத் தண்ணீரும் இல்லை.

சிப்பிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு, அது உப்பு. 1997 இல் பால் ப்ரெஸ்லினும் கேரி போஷாம்பும் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனை, சோடியம் உப்பு கசப்பை அமுக்குகிறது என்றும், அமுங்கிய கசப்பின் அடியிலிருந்து இனிப்பு எழுந்து வருகிறது என்றும் காட்டியது. அவர்கள் கசப்புக்கு எடுத்துக்கொண்டது யூரியா, ஹாப்ஸ் அல்ல. கசப்புக்குக் கசப்பு உப்பின் பிடி மாறும் என்பதால் அந்த முடிவை அப்படியே பீருக்குத் தூக்கிவைக்க முடியாது. ஆனால் பாகற்காயை உப்பில் பிசறிவைக்கும் எந்தச் சமையலறைக்கும் திசை தெரியும். சிப்பி விடும் நீர் கடல்நீர், லிட்டருக்கு 35 கிராம் உப்பு கொண்டது. சட்டியில் அது தாராளமாகக் கலக்கும்போது, தம்ளரில் தூக்கலாக இருந்த கசப்பு பின்வாங்குகிறது. கொழுப்பும் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் தண்ணீரைவிடக் கொழுப்பை விரும்பும் பொருள், கடைசியில் ஒரு கட்டி வெண்ணெயோ கொஞ்சம் பாலாடையோ விட்டால் சாறு சாந்தமாவது அதனால்தான். பீரில் வேகவைத்த சிப்பிக்குச் சமையற்காரர்கள் பாலாடை சேர்ப்பது ஆடம்பரம் என்று தோன்றினாலும், அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

எந்தப் பீர் என்பதற்கும் விடை இதிலிருந்தே கிடைக்கிறது. கசப்பு குறைந்ததாக இருக்க வேண்டும், கொதித்தாலும் நிற்கும் குணம் ஏதாவது இருக்க வேண்டும். பெல்ஜியத்தின் வெள்ளைக் கோதுமைப் பீர் இரண்டுக்கும் பொருந்தும். கசப்பு 10 முதல் 20. முளைகட்டாத கோதுமையின் புரதத்தால் கலங்கலாக, கொஞ்சம் உடலோடு இருக்கும். அதில் போடும் மசாலா நமக்கு வேண்டியவர்: கொத்தமல்லி விதை, கூடவே உலர்ந்த ஆரஞ்சுத் தோல். ஹோகார்டன் என்ற சிற்றூரில் கடைசி ஆலை 1957 இல் மூடியபோது இந்த வகையே செத்துவிட்டதாக நினைத்தார்கள். அந்த ஆலைக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்த பால்காரர் பியர் செலிஸ் 1960களின் நடுவில் அதை மறுபடி காய்ச்சத் தொடங்கினார். இன்று உலகமெங்கும் காய்ச்சப்படும் வெள்ளைப் பீர்களெல்லாம் அவர் வம்சம். மல்லி விதையை முழுதாகத் தட்டிச் சட்டியிலேயே போட்டுவிட்டால், பீரில் ஆவியாகும் மல்லி மணத்தையும் ஈடுகட்டலாம். இன்னொரு வகை, ப்ரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள சென் ஆற்றுப் பள்ளத்தாக்கின் லாம்பிக், அதைக் கலந்து உருவாக்கும் கூஸ். காற்றில் வரும் ஈஸ்டையும் பாக்டீரியாவையும் நம்பிப் புளிக்கவிடும் பீர் இது. ஹாப்ஸைக்கூட ஆண்டுக்கணக்கில் பழையதாக்கி, கசப்பு போனபிறகுதான் போடுவார்கள், கெடாமல் காப்பதற்காக மட்டும். விளைவு, கசப்பு குறைந்த, எலுமிச்சைபோலப் புளிக்கிற பீர். அரிது, விலையும் அதிகம்.

அந்தப் புளிப்பைக் காட்டித்தான் ஒயின் பக்கத்தவர்கள் பலமான ஆட்சேபம் எழுப்புகிறார்கள். கடலுணவுக்கு வேண்டியது அமிலம், அது ஒயினில் இருக்கிறது, பீரில் இல்லை, ஆகவே பீர் இரண்டாம் தரம் என்பது அவர்கள் வாதம். முதல் பாதி உண்மை. வெள்ளை ஒயினின் அமிலக்காரக் குறியீடு 3 க்குச் சற்று மேலே, சாதாரண பீரினுடையது 4 க்கு மேலே. இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. கவிச்சிக்குக் காரணமான அமீன்களைக் கட்டிப்போட அமிலம் தேவை என்பதால், பீர் கவிச்சியை எடுக்கும் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. அந்த வேலைக்கு எலுமிச்சையும் புளியும் வினிகரும் இருக்கின்றன. அதைவிட, கவிச்சி அடிக்கும் சிப்பியை எதைக் கொண்டும் காப்பாற்றக் கூடாது, குப்பையில்தான் போட வேண்டும். ஆனால் இதே ஆட்சேபத்துக்கு எதிராக ஒரு நல்ல சாட்சியும் உண்டு. 2009 இல் ஜப்பானின் மெர்ஷியன் ஒயின் நிறுவனத்து ஆய்வாளர்கள், கடலுணவோடு சில ஒயின்கள் ஏன் வாயில் மீன் நெடியை எழுப்புகின்றன என்று தேடினார்கள். பல ஒயின்களை ஸ்காலப் சிப்பியோடு சுவைக்கச் செய்தபோது, நெடி ஒயினில் கரைந்த இரும்போடு சேர்ந்து ஏறியது. இரும்பைக் கட்டும் பொருளைச் சேர்த்தால் அடங்கியது. பீரிலோ இரும்பு மிகக் குறைவு, ஏனென்றால் அது பீரைச் சீக்கிரம் பழையதாக்கும் என்று ஆலைக்காரர்கள் அதை அண்டவிடுவதில்லை. ஆக அமிலத்தில் தோற்ற பீர், இரும்பில் ஜெயிக்கிறது. அமிலத்தைப் பிழிந்து சேர்த்துவிடலாம், இரும்பை வீட்டில் பிரித்தெடுக்க முடியாது.

சமைக்காமலே பீரையும் ஓடுள்ள உயிரையும் சேர்த்த மரபுகள் இந்த வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் ஆய்ஸ்டர் ஏழைகளின் பண்டம். வறுமையும் ஆய்ஸ்டரும் கைகோத்துத் திரிவதாக டிக்கன்ஸ் தன் பிக்விக் கதையில் ஒரு பாத்திரத்தைச் சொல்லவைத்திருக்கிறார். அதோடு குடித்தது கறுத்த போர்ட்டரும் ஸ்டவுட்டும். பச்சை ஆய்ஸ்டரின் உப்பும் வறுத்த மால்ட்டின் கசப்பும் வாயில் சந்தித்தன, அடுப்பு இடையே வரவில்லை. சீனாவின் ச்சிங்தாவ் நகரத்தில் கோடைகாலப் பேச்சே மட்டியும் பீரும்தான். 1903 இல் ஜெர்மானியர் ஆட்சியிலிருந்தபோது அங்கே தொடங்கிய ஆலையின் பீரைப் பிளாஸ்டிக் பையில் நிறுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மட்டியை அதன் சொந்த நீரிலேயே வேகவைப்பார்கள், அல்லது காய்ந்த மிளகாயோடு வதக்குவார்கள். பீர் தம்ளரிலேயே இருக்கும். இந்த ஊர்க்காரர்கள் பீரைச் சட்டியில் ஊற்ற மறந்தவர்கள் என்று சொல்ல முடியாது. அது எங்கே பயன்படும் என்று தெரிந்தவர்கள்.

விதிவிலக்கு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இறாலை மாவில் தோய்த்துப் பொரிக்கும்போது பீர் ருசிக்காக வரவில்லை. அதன் வாயு மாவில் குமிழாக நிற்கிறது, பீரின் நுரைப்புரதம் அந்தக் குமிழைப் பிடித்துவைக்கிறது, எத்தனால் எண்ணெயில் சீக்கிரம் பறந்து மேலோட்டை விரைவில் உலர்த்துகிறது. மொறுமொறுப்பு வந்துவிடும், இறாலும் உள்ளே அளவுக்கு மீறி வேகாது. இங்கே ஆவியாகிப் போவதுதான் வேலையே. குளிர்ந்த, அப்போதுதான் திறந்த, மலிவான பீர் போதும். சோடாவும் அரிசி மாவும் கூட இதில் பெரும்பங்கைச் செய்துவிடும்.

எத்தனால் எல்லாம் பறந்துவிடும் என்பதற்கு வருவோம். 1992 இல் அமெரிக்க உணவியல் இதழில் அகஸ்டினும் உடன் ஆய்வாளர்களும் இதை அளந்து வெளியிட்டார்கள். அதையொட்டி அமெரிக்க வேளாண் துறை அச்சிடும் அட்டவணைப்படி, கொதிக்கும் சாற்றில் மதுவை ஊற்றி உடனே இறக்கினால் 85 விழுக்காடு எத்தனால் அப்படியே நிற்கும். 15 நிமிடம் கொதித்தால் 40 நிற்கும். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 இருக்கும். சிப்பி வேகும் நேரமோ ஐந்து நிமிடம், அதுவும் மூடிய சட்டியில், எழுந்த ஆவி மூடியில் பட்டு மறுபடி சொட்டுகிறது. ஆகவே மிச்சம் அதிகம் என்றே கொள்ள வேண்டும். அளவைப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை: ஒரு கிலோ சிப்பிக்கு 150 மில்லி பீர் என்றால் மொத்த எத்தனால் ஏழரை மில்லி. இரண்டு பேர் சாப்பிட்டால், ஒரு சொட்டும் ஆவியாகவில்லை என்றே வைத்தாலும், ஆளுக்கு நாலு மில்லிக்கும் குறைவு, ஒரு சிறு பீர்ப் பாட்டிலில் இருப்பதில் கால்பங்குகூட இல்லை. ஆனால் மதத்தாலோ உறுதியாலோ மருந்தாலோ மது கூடாதென்று இருப்பவர் கேட்பது அளவை அல்ல, இருக்கிறதா இல்லையா என்பதை. இருக்கிறது என்று சொல்லிப் பரிமாறுவதுதான் நேர்மை. எத்தனால் நீக்கிய பீர் அவர்களில் சிலருக்கு வழியாகலாம், அதிலும் அரை விழுக்காடு வரை மிச்சம் இருக்கலாம் என்றாலும். சட்டியில் நிற்பதுதான் ருசி என்ற நம் வாதப்படி, மால்ட்டும் கசப்பும் உள்ள அந்தப் பீரால் இழப்பு சொற்பம்.

கிருமி விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஐந்து விழுக்காடு எத்தனால் எதையும் கொல்லாது, கொல்வது சூடு. நோரோ வைரஸுக்கு அஞ்சும் உணவுப் பாதுகாப்புத் துறைகள், சிப்பியின் சதைக்கு உள்ளே 90 டிகிரி 90 நொடி நிற்க வேண்டும் என்கின்றன. வாய் திறந்த கணத்தில் இறக்கிவிடுவது அந்த அளவுக்குப் போதாது. நச்சுப்பாசியைத் தின்ற சிப்பியின் விஷத்தையோ சூடும் அழிக்காது. 1997 இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்றவர்கள் நூற்றுக்கணக்கில் மருத்துவமனைக்குப் போய் 7 பேர் இறந்தது அந்த வகை விஷத்தால். எங்கே எடுத்த சிப்பி என்று தெரியாமல் பீரை நம்பி வாங்குவது அறிவீனம். யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்களுக்குத் தனிக் கவலை. 47,000 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2004 இல் லான்செட் இதழில் ஹியான் சோய் குழுவினர் எழுதிய ஆய்வு, மதுவகைகளில் பீருக்கும் கவுட் மூட்டுவலிக்கும் உள்ள தொடர்பே மிக வலுவானது என்று கண்டது. கடலுணவும் அதே வலியோடு தொடர்புடையதென்று அதே ஆண்டில் அவர்களின் இன்னோர் ஆய்வு சொன்னது. ஆனால் இங்கே குற்றவாளி நாள்தோறும் குடிக்கும் தம்ளர். சட்டியிலிருந்து ஆளுக்கு வரும் சில கரண்டிச் சாறு அல்ல.

இந்த வாதத்தை நம் சமையலறைக்குக் கொண்டுவந்தால் எதைத் தொட வேண்டாம் என்பது முதலில் தெரிகிறது. மிளகாய்த்தூளும் புளியும் வறுத்தரைத்த தேங்காயும் கூடிய நண்டுக் குழம்பில் பீரை ஊற்றுவது, கச்சேரிக்கு நடுவே ஒருவர் மெல்ல முணுமுணுப்பதுபோல, யாருக்கும் கேட்காது. இறால் தொக்கில் எண்ணெய் பிரியும்வரை சுண்டவிடுவது நம் வழக்கம், அங்கே கசப்பு மட்டும் மிஞ்சும். சாற்றையே குடிக்கும் பண்டங்களில்தான் இடம் இருக்கிறது. நண்டு ரசத்தில் காலைத் தட்டிப் போட்டுச் சாற்றுக்காகவே நண்டைக் கொதிக்கவிடுகிறோம், ஆனால் அங்கே மிளகும் சீரகமும் ஏற்கெனவே அமர்ந்திருப்பதால் பீருக்கு நாற்காலி இல்லை. கன்னியாகுமரிப் பாறைகளில் மூழ்கி எடுக்கும் சிப்பி, ஐரோப்பியச் சிப்பிக்கு உறவுதான், அதைவிடச் சதைப்பற்றானது. அதற்கு நம் கடைகளில் கிடைக்கும் கசப்புக் குறைந்த லாகரே பொருந்தும். ஸ்ட்ராங் என்று விற்பதை விட்டுவிடலாம், அதில் கூடுதலாக இருப்பது எத்தனால் மட்டும்தான். சின்ன வெங்காயத்தையும் தட்டிய மல்லி விதையையும் வெண்ணெயில் வதக்கி, கால் லிட்டருக்கும் குறைவாகப் பீர் விட்டு, நுரை பொங்கி அடுப்பில் வழியாமலிருக்கச் சட்டியைப் பெரிதாக வைத்து, கொதி வந்ததும் கழுவித் தேய்த்த சிப்பியைப் போட்டு மூட வேண்டும். உப்பு போடக் கூடாது, சிப்பியே கொண்டுவரும். எல்லாம் வாய் திறந்தபின் இன்னும் இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு, இறக்கும்போது கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கரண்டியும் எலுமிச்சை கொஞ்சமும். தேங்காய்ப்பால் இங்கே பாலாடையின் வேலையைச் செய்யும். சாற்றை ஆப்பத்தால் ஒற்றி எடுக்கலாம், அடியில் கடைசி இரண்டு கரண்டியை மட்டும் விட்டுவிட வேண்டும், எவ்வளவு கழுவினாலும் அதில் மணல் இருக்கும்.